நாற்பத்தொன்றாவது குறிப்பு

'சமர்ப்பி' என்ற அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. நான்கைந்து முறை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. திரையின் வலது மூலையில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி: 'பகிர்வு விதி நிறைவேறவில்லை.'

என் குழுவில் அப்போது 12 பேர். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அவர்களுக்கு 12 வரிசைகள். இரண்டு பேர்வரை உச்சப் படி கொடுக்கலாம். ஒருவராவது கடைசிப் படியில் இருந்தாக வேண்டும். மிச்சப் பேர் நடுவில். நான் கடைசிப் படியைக் காலியாக விட்டிருந்தேன். அங்கே போடும்படியாக யாரும் இல்லை. அந்த ஆண்டு இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் இடத்தில் யாரையும் எடுக்கவில்லை. 14 பேர் வேலையை இந்த 12 பேர் முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

மனிதவளத் துறைக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு, "பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்க முடியாது அல்லவா மேடம்? யாராவது ஒருவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தானே இருப்பார்?" என்றார். கணக்குப்படி மறுக்க முடியாத பேச்சு. பன்னிரண்டு பேரை உயரவாரியாக நிறுத்தினால் ஒருவர் கடைசியில் நிற்கத்தான் செய்வார். ஆனால் என்னைக் கேட்டது அவருக்கு வளர்ச்சிக் குறைபாடு என்று சான்றிதழ் எழுதித் தரும்படி.

இரவு ஏழரை மணிக்கு ஒருவரைக் கடைசிப் படிக்கு இறக்கினேன். பொத்தான் உடனே பச்சையானது.

ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பச்சை இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் வேலை பார்ப்பது மருத்துவக் காப்பீட்டில், க்ளெய்ம் பிரிவில். மருத்துவமனைப் பில், மருத்துவர் சீட்டு, பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரு கோப்பாக வந்து சேரும். படித்துப் பார்த்து, கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 28 கோப்புகள் இலக்கு. நான் இறக்கிவிட்ட மனிதர் 22, 23-ஐத் தாண்ட மாட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் மேசை ஜன்னலோர மூலையில் இருந்தது. யாருக்காவது ஒரு கோப்பு சிக்கினால் நாற்காலியிலிருந்து எழாமலே காலால் தரையை உந்தி அவர் மேசைக்கு உருண்டு போவார்கள். சக்கரம் வைத்த நாற்காலிகள். தரையில் கரகரவென்று ஓசை கேட்கும். அவர் தன் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு அவர்களுடையதைப் படிப்பார். பத்து நிமிடம் போகும், சில சமயம் அரை மணி. அது போதாதென்று, எல்லோரும் திறந்து பார்க்கிற பொதுக் கோப்புறையில் 'குறிப்புகள்' என்று ஓர் ஆவணம் வைத்து, சிக்கலான கோப்பு ஒன்று தீர்ந்தால் அதை எண் போட்டு எழுதி வைப்பார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

கடைசிப் படி கொடுத்தால் காரணம் எழுத வேண்டும், குறைந்தது 200 எழுத்துகள். நான் எழுதியதன் சாரம்: 'தன் சொந்த இலக்கில் இவர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.' பொய் எழுதியிருந்தால் பிற்பாடு மனச்சாட்சியோடு ஒரு கணக்கைத் தீர்த்திருக்கலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் படிவத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "சரி அக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் சராசரி 31. காதில் ஹெட்போன் ஏறியது. ஓரிருவர் உருண்டு போய்ப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை என்றதும் திரும்பி உருண்டார்கள். ஒருநாள் மதியம் அறை ஏதோ மாதிரி இருப்பதாகப் பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. நாற்காலிச் சத்தம் இல்லை. எத்தனை வாரமாக இல்லை என்றும் தெரியவில்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது. காலையில் வரிசையில் நிற்கும் கோப்புகளில் மூன்று பக்கக் கோப்புகள் ஒன்பது மணிக்குள் பறந்துவிடும். ஐம்பது பக்கம் உள்ளதை யாரும் தொட மாட்டார்கள். தப்பித் தவறிக் கையில் வந்துவிட்டால் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: ஏதாவது ஓர் ஆவணம் குறைகிறது என்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் நம் கணக்கில் கடிகாரம் நின்றுவிடும். பதில் வந்ததும் கோப்பு வேறு யாரிடமாவது போய் விழும். ஒரு பெண்ணின் கோப்பு இப்படி நான்கு கேள்விகள் வாங்கியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். நான்காவது கேள்வியில் கேட்ட காகிதத்தை அவர் முதல் முறையே இணைத்திருந்தார். அந்த மாதம் எங்கள் குழு இலக்கைத் தாண்டியதற்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, ஓர் அளவை வைத்துக் கட்டுப்படுத்த முற்பட்டால் அந்த அளவே நம்பத் தகாததாகிவிடும் என்கிற பொருளில் சொன்னார். மத்திய வங்கிகளுக்குச் சொன்னது எங்கள் பன்னிரண்டு மேசைகளுக்கும் அச்சாகப் பொருந்தியது.

இந்த வரிசைப்படுத்தும் முறைக்கு ஒரு பூர்விகம் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு 1981 முதல் 2001 வரை தலைவராக இருந்த ஜாக் வெல்ச் இதைப் பிரபலப்படுத்தினார். மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10. கீழே உள்ள 10 சதவீதத்தை வெளியே அனுப்பிவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல இதைப் பின்பற்றின. மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு ஊழியர்களை இப்படி ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தியது. உள்ளுக்குள்ளேயே மோதிக்கொள்ள வைக்கிறது என்ற நெடுநாள் புகாருக்குப் பிறகு 2013 நவம்பரில் கைவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கும் காலப்போக்கில் விட்டுவிட்டது. பெரிய வீட்டில் கழித்துப்போட்ட சட்டை சின்ன வீட்டுக்கு வந்து சேருகிற மாதிரி, அவர்கள் விட்ட பிறகுதான் எங்களுக்கு வந்தது.

போட்டியே கூடாது என்று சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு போட்டித் தேர்வால்தான். யார் மகள், யாரைத் தெரியும் என்று கேட்காமல் விடைத்தாளை மட்டும் திருத்தினார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் இருக்கிற இடத்தில் வாடிக்கையாளர் என்ன பாடுபடுவார் என்பதும் தெரியும். எங்கள் தொழிலிலேயே பார்த்திருக்கிறேன். வெளியே சந்தையில் இரண்டு நிறுவனங்கள் மோதட்டும். ஒரே அறையில், ஒரே வேலையை, ஒரே சம்பளத்துக்குச் செய்கிற பன்னிரண்டு பேருக்குள் அதைக் கொண்டுவந்து ஊற்றியது யார் யோசனை?

என்னைக் கேட்டால், அலுவலகத்தில் நடந்ததைவிடக் கெட்டது வீட்டில் நடந்தது.

என் தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள், வேறு துறை. அந்த மதிப்பீட்டுக்கு அடுத்த ஆண்டு ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது" என்றாள். மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறாள் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் மனம் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. அவள் வயது இது, இந்த நிலைக்கு நான் வந்தபோது என் வயது இவ்வளவு, வித்தியாசம் ஆறு. நான் கேட்டு அது கணக்குப் போடவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி, தானாகப் போட்டது. "அக்கா, கேட்கிறதா? லைனில் இருக்கிறாயா?" என்றாள் தங்கை. "இருக்கிறேன், ரொம்ப சந்தோஷம்" என்றேன். ஒரு விநாடியோ ஒன்றரை விநாடியோ தாமதம். சேர்ந்து வளர்ந்தவளுக்கு அது போதும்.

இதைப் பொறாமை என்று நானே பல நாள் நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு யோசித்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை. பொறாமை என்றால் அவளிடம் உள்ளது எனக்கு வேண்டும் என்று தோன்ற வேண்டும். அவள் பதவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். அந்தத் துறையில் ஒரு வாரம் தாங்க மாட்டேன். வயிற்றெரிச்சலும் இல்லை. வெறும் கழித்தல். ஆண்டுக்கு ஒரு முறை பன்னிரண்டு பேரை ஒருவரிலிருந்து ஒருவரைக் கழித்துப் பார்த்துப் பழகிய மனம், வேறு யாரைக் காட்டினாலும் அதே வேலையைச் செய்தது. பள்ளித் தோழியின் புது வீடு, பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண், யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் முதலில் விடை வரும், மகிழ்ச்சி பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

தங்கை அதன்பின் நல்ல செய்திகளை எனக்குச் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். "பெரிய விஷயமெல்லாம் இல்லை அக்கா" என்று ஒரு முன்னுரை போட்டுத்தான் சொல்லுவாள். இன்றைக்கும் அப்படித்தான்.

சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு உலகங்கள். ஒன்றில் உங்கள் ஆண்டு வருமானம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. இன்னொன்றில் உங்களுக்கு ஒரு லட்சம், மற்றவர்களுக்கு இரண்டு லட்சம். விலைவாசி இரண்டிலும் ஒன்றே. எதில் வாழ்வீர்கள்? ஏறக்குறைய பாதிப் பேர் பாதிச் சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். என் நண்பர்களிடம் இதைக் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் இரண்டாவது உலகம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் நம்புவதில்லை. அதே ஆய்வில் இதே கேள்வியை விடுமுறை நாட்களை வைத்துக் கேட்டபோது பெரும்பாலோர், மற்றவர்களுக்கு எவ்வளவு இருந்தாலும் சரி, தங்களுக்கு அதிக நாட்கள் தரும் உலகத்தையே கேட்டார்கள். விடுமுறையை நாம் இன்னும் அடுத்தவரோடு வைத்து அளக்கவில்லை என்று அப்போது ஆறுதல் பட்டுக்கொண்டிருக்கலாம். இப்போது ஒவ்வொருவரும் போன இடங்களின் படங்களைப் பார்த்தால் அதுவும் கை நழுவிவிட்டதோ என்று தோன்றுகிறது.

எனக்கும் ஒரு வரிசை உண்டு, என் மேலாளரின் படிவத்தில். கண்ணாடி அறைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அதில் நடுப்படி வந்தது. 70 சதவீதம் பேருக்கு வருகிற படி, வெட்கப்பட எதுவும் இல்லை. மூன்று இரவு தூங்கவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து, நான் தவறவிட்டது எந்த மாதம், எந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்தேன் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டிருந்தேன். என் பாட்டி இருந்திருந்தால் "தலையெழுத்து, போய்ப் படு" என்றிருப்பார். அந்தச் சொல்லை நான் கல்லூரி நாட்களில் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! மனிதரை முடக்கிப் போடும் சொல் என்று மேடையேறிப் பேசிப் பரிசும் வாங்கினேன். அந்த இரவில்தான் அதற்குள் கொஞ்சம் இரக்கமும் இருந்தது தெரிந்தது. தோற்றவர் தன்னை அன்றி வேறு எதையாவது நொந்துகொள்ள அது இடம் கொடுத்தது. தகுதிக்கு ஏற்ற இடம் என்று சொல்லிவிட்ட பிறகு நொந்துகொள்ளவும் நான்தான், நோகவும் நான்தான். தகுதியாட்சி என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, ஆங்கிலத்தில் அதற்கான சொல்லைப் பரப்பியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங். 1958-இல் அவர் அதை எழுதியது எச்சரிக்கையாக, கிண்டலாக. மேலே இருப்பவர்கள் தாங்கள் அதற்கு உரியவர்களே என்றும், கீழே இருப்பவர்கள் தாங்களும் இதற்கு உரியவர்களே என்றும் நம்பிவிடுகிற ஒரு சமூகத்தைக் கற்பனை செய்து காட்டினார். கிண்டலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. பக்கத்து மேசையில் இருப்பவர் நல்லவர், எனக்குப் பிடித்தவர். ஆனால் என் பலவீனம் அவருக்கு ஒரு தகவல். அவர் பலவீனம் எனக்கும். ஆகவே மதிய இடைவேளையில் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் எவ்வளவு வேலை, எத்தனை மணிக்குப் போனேன் என்பதை மட்டும் பேசினோம். களைப்பைப் பதக்கம் மாதிரி எடுத்துக் காட்டினோம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வதால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்குச் சொன்னன. அந்தச் செய்தி எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது ஒருவர், "55 எல்லாம் எனக்குப் புதன்கிழமையே முடிந்துவிடும்" என்று பதில் போட்டார். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன்.

பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930-இல், இன்னும் நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று எழுதினார். நூறு ஆண்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. செல்வம் பெருகும் என்ற அவர் கணிப்பு தவறவில்லை, நேரம்தான் வரவில்லை. இத்தனைக்கும் காரணத்தை அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். தேவைகள் இரண்டு வகை: மற்றவர்கள் எப்படி இருந்தாலும் நமக்கு வேண்டியிருப்பவை ஒன்று, அடுத்தவரைவிட மேலே நிற்கிறோம் என்ற உணர்வுக்காக மட்டும் வேண்டியிருப்பவை மற்றொன்று. இரண்டாவது வகைக்கு அடிமட்டமே இருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் முதல் வகை முடிந்ததும் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவோம் என்று நம்பினார். பாவம், நல்ல மனிதர்.

அந்த மூலைமேசை மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும்போது உச்சப் படியில் இருந்தார். எல்லோரிடமும் கை குலுக்கினார், என்னிடமும். "நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் அக்கா" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று பல நாள் புரட்டிப் பார்த்தேன். இல்லை என்றே தோன்றுகிறது. குத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன மாதம் அலுவலகம் புதுக் கணினி அமைப்புக்கு மாறியது. பழைய பொதுக் கோப்புறையில் இருப்பவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வைத்திரு' அல்லது 'நீக்கு' என்று குறிக்கும் வேலை எனக்கு வந்தது. நானூற்றுச் சொச்சம் ஆவணங்கள். பெரும்பாலானவற்றைத் திறக்காமலே நீக்கிக்கொண்டு வந்தேன். நடுவில் 'குறிப்புகள்' நின்றது.

திறந்தேன். பதினேழாவது குறிப்பில் கண் நின்றது. 'ஒரே நோயாளிக்கு ஒரே தேதியில் இரண்டு மருத்துவமனைகள் பில் கொடுத்திருந்தால் உடனே மோசடி என்று எழுதிவிட வேண்டாம். காலையில் ஒரு இடத்தில் சேர்த்து, நிலைமை மோசமாகி, மாலையில் வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆம்புலன்ஸ் ரசீதைத் தேடவும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன் செய்து கேட்கவும். மெதுவாகக் கேட்கவும்.' கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

இப்படி நாற்பது. நாற்பத்தொன்றுக்குத் தலைப்பு மட்டும் இருந்தது: 'நோயாளி இறந்துவிட்ட பிறகு, பணம் தங்களுக்கே வர வேண்டும் என்று குடும்பத்தில் இருவர் தனித்தனியாக எழுதியிருந்தால்.' கீழே வெற்றிடம். கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தேன். நாங்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்ததற்கு முந்தைய நாள்.

அந்தத் தலைப்புக்கு விடை எனக்குத் தெரியும். அவர்தான் ஒருமுறை, நான் உருண்டுபோய்க் கேட்டபோது, என் கோப்பை வைத்தே சொல்லிக் கொடுத்தார். வெற்றிடத்தில் வைத்துச் சொடுக்கித் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். இரண்டு வரி முடிந்து மூன்றாவது வரிக்கு வரும்போது கண் தானாகத் திரையின் மூலைக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்தது. நான்கு மணி இருபது நிமிடம். குழுவின் அன்றைய இலக்கில் இன்னும் ஏழு கோப்புகள் பாக்கி.